வேலியில் பிடுங்கிய ஆயுள்

என் வீட்டுக்காரருக்குக் கிழவராகும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை. அதற்கு அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, மல்லாவியில் உழவு இயந்திரம் திருத்தும் கடை ஒன்றைப் போட்டு, வீட்டுக்குக் கூரை போட்டு, அதற்குப் பிறகுதான் என்னைக் கலியாணம் கட்டினார். அப்போதே அவருக்கு ஐம்பது கடந்திருந்தது. எங்கள் மகள் பிறந்தபோது அவர் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சந்தியில் நின்றார்கள். இவரும் மகளைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களோடு நின்றார். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

மகள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். மத்தியானம் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரப் போன இவரை வாசல் படலையடியில் கண்டு, தகப்பனின் தகப்பன் என்று நினைத்து, “பிள்ளை, அப்பப்பா வந்திட்டார், போங்கோ” என்றாராம். மகள் அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்கிறமாதிரி, அது அப்பப்பா இல்லை, என்ர அப்பா என்று சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இதையெல்லாம் இவர் வீட்டுக்கு வந்து பகிடிக் கதையாகத்தான் சொன்னார். ஆனால் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அப்பப்பா என்றதில் என்ன பிழை, ரீச்சருக்குக் கண் நல்லாகத்தானே தெரிகிறது என்று ஒரு கதை நாக்கின் நுனியில் வந்துவிட்டது. அதற்குள் அவர் சொன்னார்:

“அப்பப்பா எண்டதுக்கு எனக்குக் கோவமில்லை. இவள் வளந்து ஒரு நிலைக்கு வாறமட்டும் நான் இருக்க வேணுமெல்லே.”

வந்த கதையை விழுங்கிக்கொண்டேன். அந்த மாதம் நான் வாயை அடக்கியது அந்த ஒருமுறைதான்.

அவர் சும்மா பயப்படவில்லை. மகள் தவழ்ந்து திரிந்த காலத்தில் இவருக்கு நெஞ்சைத் திறந்து ஒரு வால்வு மாற்றினார்கள். உலோகத்தால் செய்த வால்வு. கடைக்கு வருகிறவர்களிடம், எனக்குப் போட்டது ஒரிஜினல் சாமான், லோக்கல் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிவார். அந்த வால்வில் இரத்தம் கட்டிபடக் கூடாது என்பதற்காகச் சாகும்வரை ஒவ்வொரு பின்னேரமும் ஒரு குளிசை போட வேண்டும். மாதம் ஒருமுறை கிளிநொச்சிக்குப் போய் இரத்தம் கொடுத்தால், அது எவ்வளவு கெதியாக உறைகிறது என்று பார்த்து ஓர் இலக்கம் சொல்லுவார்கள். அந்த இலக்கம் கூடினால் இரத்தம் கசியும். குறைந்தால் கட்டிபட்டு மூளைக்குப் போய்க் கை கால் விழுகிற பாரிசவாதம் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதுவரை நல்லபிள்ளையாக நின்றுகொண்டுதான் இருந்தது.

ரீச்சரின் சொல்லுக்கு முதல் வைத்தியம் தலைமயிருக்கு மை. சலூனுக்குப் போய் மை பூசிக்கொண்டு வந்தார். மை தலையோடு நிற்காமல் நெற்றிக்கும் இறங்கி, ஒரு கிழமை முழுக்க எஞ்சின் கிறீஸ் துடைக்காத ஆள்மாதிரித் திரிந்தார். எஞ்சின் கிறீஸ் என்றே எல்லோரிடமும் சொன்னார். அதற்குப் பிறகுதான் கைத்தொலைபேசி வீடியோவில் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார்.

வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், முன்னால் ஒரு மேசை நிறைய மரக்கறி. உடம்பு கிழடாகிறது ஏன் என்று அவர் கேட்டார். ஒட்சியேற்றத்தால் என்று அவரே பதிலும் சொன்னார். இவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். இரும்பு துருப்பிடிப்பதும் ஒட்சிசனால்தான், உடம்பும் அதே கேஸ்தான் என்று எனக்கும் மகளுக்கும் வகுப்பு எடுத்தார். நாற்பது வருடமாகத் துருவோடு மல்லுக்கட்டிய மனிசனுக்கு அது கடவுளே நேரில் வந்து சொன்னமாதிரி இருந்தது. துருவைத் தடுக்கிற சரக்கு மரக்கறிக்குள்ளும் பழத்துக்குள்ளும் இருக்கிறது, இனி அதைத் தேடித் தின்பதுதான் வேலை என்று முடிவாயிற்று.

அன்றுவரை ஒரு வெங்காயம் உரித்தறியாத ஆள் குசினிக்குள் குடிவந்தார். கத்தரிக்காயின் ஊதாத் தோலுக்குள் அந்தோசயனின் இருக்கிறதாம், தோலைச் சீவக் கூடாதாம். நான் எந்தக் காலத்தில் கத்தரிக்காய்க்குத் தோல் சீவினேன் என்று கேட்டேன். அது காதில் விழவில்லை. மஞ்சளை மிளகோடு சேர்த்தால்தான் அதிலுள்ள குர்குமின் உடம்பில் சுவறும் என்று பாலில் இரண்டையும் போட்டுக் காய்ச்சிக் குடித்தார். நரைத்த மீசை மஞ்சளாகிப்போயிற்று. ஒரு கணக்கில் நரை மறைந்தது உண்மைதான். ஆனையிறவு உப்பைக் கட்டி கட்டியாகக் கரைத்து வளர்ந்த வாய்க்கு இப்போது ரோசா நிறத்தில் மலை உப்புப் பைக்கற்று. அந்த மலை எங்கே இருக்கிறது என்று மகள் கேட்டாள். தூரத்தில் என்றார்.

முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரை மறித்து, ஒமேகா மூன்று உள்ள மீன் இருக்கிறதா என்று கேட்டார். அவர் பெட்டியைத் திறந்து ஒழுங்காகப் பார்த்துவிட்டு, அது இண்டைக்குப் படேல்லை அண்ணை, சூடைதான் கிடக்கு என்றார். சூடையில்தான் அது நிறைய இருக்கிறதென்று அன்று இரவே கைத்தொலைபேசி மனிதர் சொன்னார். அதுவரை முள்ளுக்குப் பயந்து சூடையைத் தொடாதவர், பிறகு தலையையும் விடவில்லை.

பச்சைத் தேயிலையும் வாங்கினார். எங்கள் பக்கத்துக் காணியில் இருப்பவர்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அந்த வீட்டு அக்காவின் தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பக்கத்துக் காணி அக்காவிடம் அந்தப் பைக்கற்றைக் கொண்டுபோய்க் காட்டி, இதைக் குடித்தால் இளமை போகாது என்று விளக்கினார். அவர் முகர்ந்து பார்த்து, இதுவும் நாங்கள் குடிக்கிற தேயிலையும் ஒரே செடியில் பறிப்பதுதான், காய வைப்பதில்தான் வித்தியாசம் என்றார். அப்படியென்றால் உங்கள் ஆட்கள் ஏன் கிழடானார்கள் என்று இவர் கேட்க, மலை ஏறி இறங்கினால் நீங்களும் ஆவீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு என் கிணற்றடிவரை கேட்டது.

குறையாகவே சொல்லக் கூடாது. சீனி போடுவதை விட்டார். பின்னேரங்களில் குளத்தங்கட்டில் நடந்தார். எண்ணெய்ப் பொரியலைக் குறைத்தார். எனக்கும் உடம்பு லேசாகத்தான் இருந்தது. இந்த மட்டோடு நின்றிருந்தால் நான் அந்த வெள்ளைக் கோட்டு மனிதருக்குக் கைகூப்பியிருப்பேன்.

அந்த மனிதர் அதோடு நிற்காமல் இலைகளுக்கு வந்தார். எல்லாச் சரக்கும் கடும் பச்சை இலைக்குள்தான் இருக்கிறது, எவ்வளவு பச்சையோ அவ்வளவு ஆயுள் என்றார். இவர் தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தார்.

எங்கள் வேலி உயிர்வேலி. வேலித் தடியாக, கதியாலுக்கு நட்ட முருங்கையும் கிளுவையும் மரமாகி நின்றன. அவற்றில் முசுட்டையும் தூதுவளையும் முடக்கொத்தானும் படர்ந்து கிடந்தன. கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற பக்கம் வல்லாரை. கிழமையில் ஒருநாளோ இரண்டுநாளோ ஒரு பிடி ஒடித்து வறையோ சம்பலோ செய்வோம். வந்த ஆட்கள் போகும்போது ஒரு கட்டு முறித்துக் கொடுப்போம். அவ்வளவுதான் அதன் மரியாதை. எங்கள் பக்கத்தில் வேலியில் பிடுங்குகிறதை ஒரு பொருளாக யாரும் நினைப்பதில்லை. கடையில் வாங்கியதுமில்லை, விதைத்து வெட்டியதுமில்லை, பரியாரியார் நாட்டு மருந்தாகக் கட்டித் தந்ததுமில்லை. என்ன கறி என்று கேட்டால்கூட, ஒண்டுமில்லை, சும்மா வேலியில நிண்ட இலைதான் என்போம்.

அந்தச் சும்மா நின்ற இலையெல்லாம் இப்போது காலையில் கஞ்சிக்குப் போயின. சும்மா சொல்லக் கூடாது, நல்லாகத்தான் காய்ச்சினார். இலைகளை அம்மியில் அரைத்துப் பிழிந்து, பச்சையரிசி வெந்ததும் சாற்றை விட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, இறக்கித் தேசிக்காய் விடுவார். எனக்கொரு டம்ளர், மகளுக்கொரு டம்ளர். அவருக்குச் செம்பு. மத்தியானம் முருங்கையிலை வறை. இரவு வல்லாரைச் சம்பல். இதைக் குடித்தால் அப்பா கனகாலம் இருப்பார் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளும் காலையில் வாளியோடு நின்று இலை ஆய்ந்து கொடுத்தாள்.

வேலி நாளுக்கு நாள் மொட்டையாயிற்று. ஒருநாள் பக்கத்துக் காணி ஆடு அதற்குள்ளால் புகுந்து என் கத்தரிக் கன்றுகளை நுனி முறித்துத் தின்றுவிட்டுப் போயிற்று. அந்தோசயனின் உள்ளதாகப் பார்த்துத் தின்றிருக்கிறது, அதுவாவது நூறு வயது இருக்கட்டும் என்றேன். ஆடு பத்தைக்குள் மேய்கிற பிராணி, அதற்குத் துருப்பிடிக்காது என்றார். அந்த மனிசனோடு என்ன கதைப்பது?

அந்த மாதம் கிளினிக்கில் இலக்கம் குறைந்திருந்தது. டொக்டர் இளம் பெண், பொறுமையான பிள்ளை. குளிசை தவறவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை. வேறு மருந்து, நாட்டு மருந்து ஏதாவது? இல்லை. சாப்பாட்டில் மாற்றம்? இல்லை, வழமையான சோறு கறிதான். பக்கத்தில் இருந்த நானும் ஓம் என்று தலையாட்டினேன். பொய் சொல்லுகிறோம் என்ற நினைப்பே எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. பார்மசியில் ஒன்றும் வாங்கவில்லை, பரியாரியாரிடம் போகவில்லை, உலையில் வேகுகிற அரிசியும் அதே அரிசி. வேலி யாருக்கு நினைவு வந்தது?

டொக்டர் குளிசையைக் கொஞ்சம் கூட்டினார். அடுத்த மாதம் இலக்கம் இன்னும் கீழே போயிற்று. டொக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் கூட்டி, இந்தமுறை மாதம் பார்க்காமல் அடுத்த கிழமையே வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது இவர் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு யோசித்துவிட்டு, இலை போதவில்லை என்று கண்டுபிடித்தார். அதைக் கூட்டி, இலக்கம் திருந்தியதும் டொக்டருக்கு விசயத்தைச் சொல்லி ஆச்சரியப்படுத்துவது என்பது இவருடைய திட்டம். அடுத்தநாள் செம்பு போய்ச் சின்ன வாளி வரும்போலிருக்கிறது என்று நான் பகிடி பண்ணினேன்.

இரண்டு நாள் கழித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்றப் போகிற நேரம். மோட்டார் சைக்கிளடியில் நின்றவரின் கையிலிருந்து திறப்புக் கொத்துக் கிலுங்கி விழுந்தது. குனிந்தார். விரல்கள் மண்ணைத் துழாவின, திறப்பைப் பிடிக்கவில்லை. எடுத்துத் தரச்சொல்லி மகளைக் கூப்பிட வாயைத் திறந்தார். மகளின் பெயர் வரவில்லை. வேறு ஏதோ ஒரு சத்தம் வந்தது. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. மகள் புத்தகப் பையோடு அப்படியே நின்று அவரைப் பார்த்தாள்.

பாரிசவாதம் என்று டொக்டர் அத்தனைமுறை சொன்ன சொல் வாசலுக்கு வந்து நிற்கிறது என்று எனக்கு விளங்கியது. கடவுளே, இவரை விட்டுவிடு, இனி ஒரு பகிடியும் விடமாட்டேன் என்று வாய்விட்டே அழுதேன். பக்கத்துக் காணி அக்கா ஓடி வந்து பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். அவருடைய மனிசன் ஓட்டோவை எடுத்தார். கிளிநொச்சிவரைக்கும் அந்தக் கையை நான் விடாமல் தேய்த்துக்கொண்டே போனேன். அதில் ஒரு பிடிமானமும் இல்லை.

பாதி வழியில் விரல்கள் மெல்ல என் விரலைப் பிடித்தன. ஆஸ்பத்திரிக்குக் கிட்டப் போகும்போது நாக்கும் திரும்பியது. தெளிவாகச் சொன்ன முதல் கதை, “திறப்பு அங்கையே மண்ணுக்குள்ள கிடக்கு” என்பதுதான். நான் அழுததற்கும் சிரித்ததற்கும் ஓட்டோக்காரருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

கட்டி ஒன்று மூளைக்குப் போய், நல்லகாலம் தங்காமல் கரைந்துவிட்டது, இது ஓர் எச்சரிக்கை, அடுத்தது இப்படி விட்டுவிட்டுப் போகாது என்று சொல்லி வார்டில் மறித்தார்கள். பின்னேரம் அந்தக் கிளினிக் டொக்டரே வந்து கட்டிலருகில் நின்றார். இலக்கம் முன்னையைவிட மோசம். இந்தமுறை அவர் மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“அம்மா, நேற்று விடிஞ்சதிலயிருந்து படுக்குமட்டும் இவற்ற வாய்க்குள்ள போன எல்லாத்தையும் சொல்லுங்கோ. தண்ணியையும் விடாமச் சொல்லுங்கோ.”

நான் சொன்னேன். செம்புக்கு வந்தபோது டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். அந்தச் செம்புக்குள் எவ்வளவு இலை என்று கேட்டார். கையால் அளந்து காட்டினேன். டொக்டர் இவரைப் பார்த்தார். இவர் போர்வையைப் பார்த்தார்.

“வேலியில நிண்டதுதானே பிள்ளை,” என்றார். “அதையும் போய் மருந்தெண்டு சொல்லுறதோ?”

ஒப்பரேசன் நேரம் கீரையில் கவனம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்களாம். கிழமைக்கு ஒரு பிடி தின்று ஒன்றும் நடக்காததால் அந்தக் கதை எங்கள் வீட்டில் எப்போதோ செத்துப்போயிருந்தது. டொக்டர் கோபப்படாமல் விளங்கப்படுத்தினார். கடும் பச்சை இலையில் விற்றமின் கே இருக்கிறது. அது இரத்தம் உறைய உதவுகிற சாமான். இவர் போடுகிற குளிசையோ அதை மறித்துத்தான் வேலை செய்கிறது. காலையில் ஒரு பக்கத்துக்கு ஆள் கூட்டிவிட்டு, பின்னேரம் மற்றப் பக்கத்துக்கு ஒற்றை ஆளை அனுப்பினால் யார் வெல்லுவார்கள்? இலை நஞ்சு இல்லை, நல்லதுதான், அம்மாவும் பிள்ளையும் தாராளமாகக் குடிக்கலாம், வால்வு போட்ட உங்களுக்குத்தான் அளவு வேண்டும் என்றார். இனித் தொடவே மாட்டேன் என்று இவர் சத்தியம் பண்ணப் போக, அதுவும் கூடாது என்றார். கூட்டின குளிசையோடு இலையை ஒரேயடியாக விட்டால் இலக்கம் மற்றப் பக்கம் பாய்ந்து இரத்தம் கசியும். ஒவ்வொரு நாளும் ஒரே அளவு, கொஞ்சமாக. அதைப் பார்த்துத்தான் குளிசையை அமைக்கலாம்.

ஓட்டோவில் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு அதுவரைதான் தாங்கியது. “எஞ்சினுக்கு ஒயில் நல்லதெண்டு மூடிவரைக்கும் நிரப்புவியளோ?” என்று கேட்டுவிட்டேன். கூட நிரப்பினால் எஞ்சின் என்ன பாடுபடும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிற ஆள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பயத்தில் கேட்டேன். கேட்ட பிறகும் பயம் குறையவில்லை.

அடுத்தநாள் பின்னேரம் பக்கத்துக் காணி அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். டொக்டர் அப்போதுதான் இவரைத் தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, கஞ்சியின் அளவை இன்னொருமுறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிடி இலைக்கு மேல் போகக் கூடாது, அந்தச் செம்புக் கஞ்சிதான் இந்த வேலை செய்தது என்றார். மகள் வாசலோடு நின்றுவிட்டாள். வா என்று நான் கூப்பிட்டேன். வரவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பயந்துபோனாள் என்று நினைத்துப் போய்த் தூக்கினேன். என் தோளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“என்ர கஞ்சியையும் அப்பான்ர செம்புக்குள்ளதான் ஊத்தினனான். ஒவ்வொரு நாளும். அப்பா கனகாலம் இருக்க வேணுமெண்டு.”

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். டொக்டரின் விரல்கள் இன்னும் இவருடைய கைக்குள்தான் இருந்தன. இவர் அவற்றை விட்டுவிட்டு, அந்தக் கையை மகளை நோக்கி நீட்டினார். நான் கொண்டுபோய்க் கட்டிலில் இருத்தினேன். அவள் தலையைத் தடவினார்.

“அதாலைதான் பிள்ளை அப்பா இவ்வளவு கெதியா எழும்பினது,” என்றார்.

மகள் தலையை நிமிர்த்தி டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் கொஞ்சம் திணறினார். பிறகு, ஓம், ஆனால் இனி உங்கள் பங்கை நீங்கள்தான் குடிக்க வேண்டும் என்றார். மகள் அவரையும் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். அப்பா அவிழ்த்துவிடுகிற எந்தப் புளுகையும் அம்மா விட்டுவைக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

“ஓமடி, உண்மைதான்,” என்றேன்.